அரட்டைச் செயலியை யார் பார்த்துக்கொள்வது?

விடிவதற்கு முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள். அப்படி ஒரு ஜீப்பில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், போனை வாயருகே பிடித்து வீட்டிலிருக்கும் மகனுக்குப் பேசி அனுப்பினார்: “தம்பி, சட்டியில கொழம்பு இருக்கு, சூடு பண்ணிக்க. தங்கச்சிக்கும் போட்டுக் குடுத்துட்டுப் பள்ளிக்கூடம் கெளம்பு.” விரலை எடுத்ததும் செய்தியின் ஓரத்தில் சின்னக் கடிகாரம் ஒன்று தெரிந்தது. எங்கள் பக்கத்து டவர் முந்தின வளைவோடு முடிந்துவிட்டிருந்தது. மேட்டுக்கு ஏறி மறுபக்கத்து டவர் பிடித்த பிறகுதான் கடிகாரம் மறைந்து ஒற்றை டிக் வந்தது. அதைப் பார்த்த பிறகே அவர் போனைப் பைக்குள் வைத்தார்.

அவர் பேசியது பத்து நொடி இருக்கும். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது வாட்ஸ்அப். அந்தச் செயலியின் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அவர் குரலைச் சுருக்கியது ஓபஸ் என்ற ஒலிக் குறிமுறை. 2012இல் இணையத் தரமாக அறிவிக்கப்பட்டது, யாரும் காசு கொடுக்காமல் எடுத்தாளலாம். வழியில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி அதைப் பூட்டியது சிக்னல் நெறிமுறை. மோக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டிரெவர் பெர்ரினும் வடிவமைத்துப் பொதுவில் வைத்தது, 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் முழுவதற்கும் வந்து சேர்ந்தது. செய்தியை வாங்கிக் கொடுக்கும் சர்வரோ, அலெக்ஸி ஷெப்பின் 2002இல் எழுதத் தொடங்கிய இஜாபர்டி என்ற திறந்த மூல மென்பொருளிலிருந்து மாற்றி மாற்றி வளர்த்தது. ஒலி, பூட்டு, சர்வரின் வித்து மூன்றுமே பொதுச்சொத்து. அடைத்து வைத்திருப்பது வாசலை மட்டும்தான். தாயும் மகனும் அதே கம்பெனியின் செயலிக்குள் இருந்தால்தான் ஒருவரோடொருவர் பேச முடியும்.

ஆகவே, திறந்த மூல முறையில் அரட்டைச் செயலி எழுத முடியுமா என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. பல முறை எழுதியாகிவிட்டது. எழுதியதை ஆண்டுக்கணக்கில் யார் பார்த்துக்கொள்வது, எந்தக் காசில், எந்த ஊரிலிருந்து என்பதுதான் கேள்வி. ஏலச்செடியை நட்டுவிட்டுப் போகிறவரை எங்கள் ஊரில் விவசாயி என்று சொல்ல மாட்டார்கள். ஒரே சரத்தில் காய்கள் வேறு வேறு நாளில் முற்றும், சுற்றுச் சுற்றாக எடுக்க வேண்டும். நிழல் மரத்தின் கிளையைக் கழிக்க வேண்டும், அழுகல் நோய்க்கு மருந்தடிக்க வேண்டும். மழை ஓயாத மாதத்திலும் யாராவது தோட்டத்துக்குள் போய் வந்தாக வேண்டும். அரட்டை மென்பொருளின் வேலையும் அப்படிப்பட்டதுதான். இந்தத் துறையின் முப்பதாண்டு வரலாற்றை அந்தக் கண்ணோடு பார்க்க விரும்புகிறேன்.

ஜாபர் வளர்ந்ததும் வாசல் அடைபட்டதும்

1988இல் ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் எழுதிய ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஒரு வரியில் கடந்துவிடலாம், ஏனென்றால் அது கணினிக்காரர்களின் கூடமாகவே இருந்துவிட்டது. நம் கதை தொடங்குவது 1999 ஜனவரியில். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜெரமி மில்லர் என்ற இளைஞர் ஜாபர் என்ற திட்டத்தை அறிவித்தார். அப்போது ஏ.ஓ.எல்., யாஹூ என்று ஆளுக்கொரு செயலி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போகாது. ஜாபரின் எண்ணம் எளியது: மின்னஞ்சல் போல ஊருக்கொரு சர்வர் இருக்கட்டும், எந்தச் சர்வரில் இருப்பவரும் எந்தச் சர்வரில் இருப்பவரோடும் பேசட்டும். 2004 அக்டோபரில் அது எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் இணையத் தரமானது.

2005 ஆகஸ்டில் கூகுள் டாக் அதே தரத்தில் வந்தது. 2006 ஜனவரியில் வெளிச் சர்வர்களுக்கும் கதவைத் திறந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளில் ஒரு கல்லூரியின் சொந்தச் சர்வரிலிருந்து ஜிமெயில் வைத்திருந்த எவருக்கும் நேராகச் செய்தி அனுப்ப முடிந்தது. 2013 மே மாதம் கூகுள் ஹேங்கவுட்ஸுக்கு மாறியபோது இந்தக் கதவு சாத்தப்படத் தொடங்கியது. ஃபேஸ்புக்கும் 2010இல் திறந்த தன் எக்ஸ்.எம்.பி.பி. வழியை 2015இல் மூடியது. வாட்ஸ்அப் இந்த மரபின் மென்பொருளை எடுத்துக்கொண்டு, மற்றவர்களோடு இணையும் பகுதியைத் தொடக்கத்திலிருந்தே விட்டுவிட்டது. 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது அங்கே வேலை பார்த்தவர்கள் 55 பேர், பயன்படுத்தியவர்கள் 45 கோடி.

இதிலிருந்து பலர் எடுக்கும் முடிவு, ஜாபர் தோற்றுவிட்டது என்பது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெறிமுறை பழுதாகவில்லை, இன்றைக்கும் வேலை செய்கிறது. பெரிய வீட்டுக்காரர் வந்தபோது கூட்டம் அவர் பின்னால் போனது, அவர் கதவைச் சாத்தியபோது கூட்டம் உள்ளேயே நின்றுவிட்டது. சின்னச் சர்வர்களை நடத்தியவர்கள் பெரியவரை நம்பித் தங்கள் பயனர்களைத் தாங்களே சேர்க்காமல் விட்டதுதான் பிழை என்று நினைக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டத்தால் சரிசெய்யப் பார்க்கிறது. அங்கே டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்படி 2024 மார்ச் முதல் வாட்ஸ்அப் மற்றச் செயலிகளுக்கு வழிவிடக் கடமைப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

பிட்ஜின் சொல்லும் பாடம்

பராமரிப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் பிட்ஜினைத்தான் காட்டுவேன். 1998இல் ஆபர்ன் பல்கலைக்கழக மாணவர் மார்க் ஸ்பென்சர், லினக்ஸில் ஏ.ஓ.எல். அரட்டைக்கு ஒரு செயலி இல்லையே என்று தானே எழுதியது அது. முதற்பெயர் கெய்ம். பிறகு யாஹூ, எம்.எஸ்.என்., ஜாபர் எல்லாவற்றையும் ஒரே சன்னலுக்குள் கொண்டுவந்தது. பெயரில் உள்ள எழுத்துகள் தங்கள் வணிகக் குறியைத் தொடுகின்றன என்று ஏ.ஓ.எல். கிளப்பிய சிக்கல் வருடக்கணக்கில் இழுத்து, 2007 ஏப்ரலில் பெயரைப் பிட்ஜின் என்று மாற்றிக்கொண்டார்கள். ஊர் ஊராக இணைய மையங்கள் இருந்த நாள்களில் தமிழ்நாட்டிலும் லினக்ஸ் கணினிகளில் இதைத்தான் திறப்போம்.

இந்த மென்பொருளைக் காத்தவர்களின் வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். கம்பெனிகள் பெரும்பாலும் தங்கள் நெறிமுறையை முழுதாக வெளியிடவில்லை. கம்பியில் என்ன போகிறது என்று பார்த்துப் பார்த்து ஊகித்துத்தான் பிட்ஜினில் எழுதினார்கள். ஒரு நாள் காலையில் கம்பெனி எதையோ மாற்றும், உலகமெங்கும் பிட்ஜின் நின்றுபோகும், ஆயிரம் பேர் குறை சொல்லி எழுதுவார்கள். சம்பளமில்லாத இருவர் மூவர் இரவெல்லாம் உட்கார்ந்து மறுபடி ஊகிப்பார்கள். இப்படிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள். எம்.எஸ்.என். 2013இல் மறைந்தது, ஏ.ஓ.எல். அரட்டை 2017 டிசம்பரில் நின்றது, யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில். எந்த வலைகளுக்காக உழைத்தார்களோ அந்த வலைகளே இல்லாமல் போயின. கேரி கிராம்லிக் என்பவர் மிகச் சில துணைவர்களோடு பிட்ஜினின் மூன்றாம் பதிப்பை வருடக்கணக்கில் எழுதிவருகிறார். முதல் சோதனை வெளியீடு 2024 டிசம்பரில்தான் வர முடிந்தது.

அந்த ஆண்டிலேயே இன்னொன்றும் நடந்தது. ஜூலையில், திரையைப் பகிர உதவும் ஒரு துணைநிரலை யாரோ எழுதி, பிட்ஜின் தளத்தின் வெளியார் துணைநிரல் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தார்கள். ஆகஸ்டில் ஒரு பயனர் எச்சரித்த பிறகு பார்த்தால், தட்டச்சு செய்வதை எல்லாம் திருடும் நிரல் அதற்குள் ஒளிந்திருந்தது. அந்தத் துணைநிரல் தன் மூலநிரலைத் தரவேயில்லை, இயங்கும் கோப்பை மட்டும் தந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. மூலநிரல் திறந்திருக்கிறதா என்று திறந்து பார்க்க ஓர் ஆள் இல்லாமல் போனதால் வந்த கேடு இது. அதன்பின், முறையான திறந்த மூல உரிமம் இல்லாத எதையும் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று விதி செய்தார்கள். “ஆயிரம் கண்கள் பார்க்கும், அதனால் பாதுகாப்பு” என்று மேடைகளில் பேசுகிறோம். அந்தக் கண்களில் எத்தனை நம்முடையவை என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் அது.

சர்வர் நடத்துகிறவர்களுக்கும் இதே நிலைதான். ஜாபர்.ரு என்ற பழைய எக்ஸ்.எம்.பி.பி. சர்வரின் போக்குவரத்தை மாதக்கணக்கில் யாரோ இடையிலிருந்து கேட்டுவந்தது 2023 அக்டோபரில் வெளியே வந்தது. இடையில் இருந்தவர்கள் தங்கள் போலிச் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், பயனர்களுக்குக் காலாவதி எச்சரிக்கை வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நிர்வாகி தேடிப் போனார். எச்சரிக்கையைத் தட்டிவிட்டுப் போயிருந்தால் அது இன்னும் தொடர்ந்திருக்கும்.

காசு எங்கிருந்து வருகிறது

இன்றைக்கு உயிரோடிருக்கும் திறந்த மூல அரட்டைகளை அவற்றின் வருமான வழியை வைத்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். சிக்னல், அறக்கட்டளை. 2018 பிப்ரவரியில் வாட்ஸ்அப்பின் நிறுவனர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் 5 கோடி டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார். 2023 நவம்பரில் அதன் தலைவர் மெரிடித் விட்டேக்கர் கணக்கை வெளிப்படையாக வைத்தார்: உள்கட்டமைப்புக்கு மட்டும் ஆண்டுக்கு 1.4 கோடி டாலர், அதில் 60 லட்சம் டாலர், புதிதாகச் சேர்கிறவரின் போன் எண்ணைச் சரிபார்க்க அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு. 2025 வாக்கில் மொத்தச் செலவு ஆண்டுக்கு 5 கோடி டாலரை எட்டும் என்று கணித்தார்கள். அப்போது ஏறத்தாழ ஐம்பது பேர் வேலை பார்த்த இடம் அது. ஒரே மையச் சர்வர் வைத்து உலகத்துக்கே சேவை செய்தால் செலவு இப்படித்தான் இருக்கும், நன்கொடை குறைந்தால் தாங்காது. சிக்னல் மேல் எனக்கு மரியாதை உண்டு, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 2020 ஏப்ரலிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு அவர்கள் சர்வர் மூலநிரலின் புதிய வடிவத்தை வெளியிடாமல் வைத்திருந்ததை மறக்க முடியவில்லை. மையம் ஒன்றாக இருந்தால் நல்லவர்களும் அப்படிச் செய்ய நேரும்.

மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறை வேறு வழி. 2014இல் மேத்யூ ஹாட்சனும் அமந்தீன் லெ பாப்பும் தொடங்கியது. அவர்களின் எலமெண்ட் கம்பெனி அதை அரசுகளுக்கு விற்று அந்தக் காசில் மேம்பாடு செய்கிறது. பிரான்ஸ் அரசின் சாப் செயலி அதன் மேல் எழுந்ததுதான். 2025 செப்டம்பரில் மேட்ரிக்ஸின் பெரிய பொதுச் சர்வரின் தரவுத்தளம் பழுதாகி ஒரு நாள் அளவுக்கு நின்றுபோனது. தத்தம் சொந்தச் சர்வர் வைத்திருந்தவர்கள் அன்றும் பேசிக்கொண்டிருந்தார்கள். பரவலான அமைப்பின் பலன் இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. ஜெர்மனியின் டேனியல் குல்ட்ச் 2014இல் வெளியிட்ட கான்வர்சேஷன்ஸ் என்ற ஆண்ட்ராய்டு செயலி. கூகுள் கடையில் காசுக்கு விற்பார், எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற மென்பொருள் கடையில் இலவசம், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதிலிருந்து எழுந்த ஓமெமோ என்ற மறையாக்க முறை இன்று எக்ஸ்.எம்.பி.பி. உலகம் முழுவதும் இருக்கிறது. ஒரே மனிதர் பத்தாண்டுக்கு மேல் விடாமல் செய்ததன் பலன் அந்தச் செயலி. ஒரே மனிதர் என்பதுதான் அதன் ஆபத்தும்.

மலைக்கு அந்தப் பக்கம்

இந்தியாவில் திறந்த மூல அரட்டைக்காக நீதிமன்றம்வரை போனவர்கள் போடிமெட்டுக்கு அந்தப் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தார்கள். 2023 மே மாதம் ஒன்றிய அரசு 14 அரட்டைச் செயலிகளைத் தடை செய்தது. ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். பட்டியலில் எலமெண்டும் பிரையரும் இருந்தன, இரண்டும் திறந்த மூலம். கேரளத்தைச் சேர்ந்த டெபியன் உருவாக்குநர் பிரவீன் அரிம்பிரத்தொடியில், இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் தோழர்களோடு, இதை எதிர்த்துக் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு நெறிமுறைக்கு எத்தனையோ செயலிகள் இருக்கும்போது ஒரு செயலியைத் தடுப்பது சாதாரண மக்களைத்தான் தாக்கும் என்ற அவர்கள் வாதம் எனக்கு முழுக்க ஏற்புடையது. அந்தச் சமூகம் பல ஆண்டுகளாகப் பொதுச் சர்வர் நடத்திவருகிறது. அவர்களிடமிருந்தே பிராவ் என்ற செயலியும் வந்தது. குல்ட்சின் இன்னொரு செயலியான குயிக்ஸியை அடித்தளமாக எடுத்துக்கொண்டு, போன் எண்ணால் எளிதாகச் சேரும்படி அமைத்து, பயனர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவுச் சங்கமாக நடத்த வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பால் சொசைட்டியும் கூட்டுறவு வங்கியும் தெரிந்த நமக்கு இது புரியாத யோசனையல்ல.

தமிழ்நாட்டின் பெரிய முயற்சி ஸோஹோவின் அரட்டை. 2021 ஜனவரியில் வந்தது, 2025 செப்டம்பர் கடைசியில் நாடே அந்தத் தமிழ்ச் சொல்லை உச்சரிக்கக் கற்றுக்கொண்டது. நாளுக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில், மூன்றே நாளில் அது நாளுக்கு 3,50,000 பேராக உயர்ந்ததாக ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி உலகத் தரத்தில் ஒரு செயலி செய்வதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அரட்டையின் மூலநிரல் திறந்ததல்ல. யூ.பி.ஐ. போலச் செயலிகள் ஒன்றோடொன்று பேசும்படி நெறிமுறையைத் தரப்படுத்தி வெளியிட ஐ-ஸ்பிர்ட் அமைப்போடு பேசப்போவதாக வேம்பு அப்போது அறிவித்தார். அந்த வாக்கு நிறைவேறினால் நம் நாட்டு அரட்டை வரலாற்றில் அதுதான் பெரிய திருப்பமாக இருக்கும். சொந்த ஊர்க்காரர் என்பதற்காக வாசல் அடைத்திருப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. தேசிய தகவலியல் மையத்தின் சந்தேஸ் செயலியைப் பற்றியும் இதையே சொல்வேன். திறந்த மூல அடித்தளத்தில் எழுந்தது என்று அரசே சொல்கிறது, அப்படியானால் மக்கள் காசில் எழுதிய நிரலும் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும்.

சட்டச் சுமையையும் சொல்லியாக வேண்டும். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் சேவைகள் முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்கின்றன. ஊர்ச் சர்வருக்கு அது பொருந்தாது. ஆனால் புகார் கேட்க ஓர் அலுவலர் வேண்டும் என்பது எல்லா இடைநிலையாளருக்கும் உண்டு. அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவின்படி 180 நாள் பதிவேடு வைக்க வேண்டும், ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதையெல்லாம் ஓய்வு நேரத்தில் செய்கிற ஒரு தன்னார்வலர் தனியாகச் சுமக்க முடியாது.

‘போடி’யும் ‘கௌரி’யும்

தமிழில் செய்தி அனுப்புகிறவர்களுக்கென்று தனிப் பராமரிப்பு வேலை ஒன்று இருக்கிறது. அதை வேறு யாரும் நமக்காகச் செய்ய மாட்டார்கள். எங்கள் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘போடி’ என்று எழுதினால் கணினிக்குள் அது ப, ஓகாரக் குறி, ட, இகரக் குறி என்று நான்கு குறியீடுகள். அதே ஓகாரக் குறியைச் சில மென்பொருள்கள் ஏகாரக் கொம்பாகவும் காலாகவும் உடைத்து இரண்டாக வைக்கும். அப்போது ஐந்து குறியீடுகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். செயலி இரண்டையும் ஒருமைப்படுத்தாமல் விட்டால், ‘போடி’ என்று தேடும்போது பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய ‘போடி’ கிடைக்காது. எக்ஸ்.எம்.பி.பி. முகவரிகளில் இந்த ஒருமைப்படுத்தல் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. செய்திகளுக்குள் தேடும்போது அதைச் செய்வது அந்தந்தச் செயலிக்காரர் பொறுப்பு.

‘கௌரி’ இன்னும் கடினம். ஔகாரக் குறி தனி எழுத்து. அவசரத்தில் பலர் ஒற்றைக் கொம்பு போட்டு, ககரம் எழுதி, பக்கத்தில் ளகரத்தைத் தட்டிவிடுவார்கள். பார்வைக்கு அதே கௌரி. ஆனால் யூனிகோடு விதிப்படி இவை வேறு வேறு சொற்கள், எந்த ஒருமைப்படுத்தலும் சேர்த்துவைக்காது. தோட்டத்துச் சம்பளக் கணக்கை ஒரு குழுவில் போட்டுவைத்தால் கௌரி அக்காவின் பாதி நாள்கள் தேடலில் வராது. இதைச் சரிசெய்ய நாலைந்து வரி நிரல் போதும். எங்கே சேர்க்க வேண்டும் என்று சொல்லத் தமிழ் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். மூலநிரல் திறந்திருந்தால் அந்த ஆள் திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டே திருத்தி அனுப்பலாம். மூடியிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக்கோவை ஐபோனில் செய்தியாக வந்தால் செயலி முடங்கியது. உலகச் செய்தியானதால் ஆப்பிள் சில நாளில் திருத்தியது. கௌரியின் பெயர் தேடலில் வராததெல்லாம் உலகச் செய்தியாகாது.

மலைக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடித் தோட்டக் குடியிருப்பின் மேல் மலை சரிந்தது. 70 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன தமிழ்க் குடும்பத்தார். மின்சாரம் இல்லை, டவர் செத்திருந்தது. வெளியுலகுக்குச் சேதி போனது மறுநாள் காலையில். எந்தப் பெரிய செயலியும் அன்றிரவு உதவியிருக்காது.

டவர் இல்லாமல் பேசும் மென்பொருள்கள் பல திறந்த மூலமாக வளர்ந்திருக்கின்றன. பிரையர் புளூடூத்திலும் வைஃபையிலும் போனுக்குப் போன் நேராகப் பேசும், எட்டுவது தோட்டக் குடியிருப்பு லயம் ஒன்றின் நீளம். மலைக்கு ஏற்றது 2020இல் கெவின் ஹெஸ்டர் தொடங்கிய மெஷ்டாஸ்டிக். லோரா என்ற குறைந்த சக்தி ரேடியோவில் எழுத்துச் செய்தி மட்டும் போகும். உள்ளங்கை அளவுக் கருவி, விலை சில ஆயிரம். நேர்பார்வை இருந்தால் பல கிலோமீட்டர் எட்டும். ஒரு மேட்டில் ஒன்று வைத்தால் இரு பக்கத்துப் பள்ளத்துக்கும் சேதியைக் கடத்தும். இந்தியாவில் 865-867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் சக்தி வரம்புக்குள், அங்கீகாரம் பெற்ற கருவிகளில், உரிமம் எடுக்காமலே பயன்படுத்தலாம். மூணாறு, போடிமெட்டு, குரங்கணிச் சரிவுகளில் இது வெறும் பொழுதுபோக்கல்ல. மழைக்காலத்துக்கு முன்னால் பேட்டரியையும் கருவியின் நிரலையும் பார்த்துப் புதுப்பிக்க ஆள் இருந்தால் உயிர் காக்கும்.

போடியில் என்ன செய்யலாம்

நான் சொல்ல வருவது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ப்ராசடி என்ற எக்ஸ்.எம்.பி.பி. சர்வரை மேத்யூ வைல்ட் 2008இலிருந்து வளர்த்துவருகிறார். அதை ஒரு ஜிபி நினைவகமுள்ள வாடகைக் கணினியில் ஓட்டினால் சில நூறு பேருக்குத் தாராளமாகப் போதும், மாத வாடகை சில நூறு ரூபாய். நிறுவ ஒரு மாலை ஆகும். பிறகு வருகிறவைதான் வேலை: வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்கள், காலாவதியாகும் முன் சான்றிதழ் புதுப்பித்தல், காப்பு நகல், அந்த நகல் உண்மையில் திரும்ப வருகிறதா என்று சோதித்தல், பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் செயலியைக் கொன்றுவிடும் போன்களில் அமைப்பை மாற்றிக்கொடுத்தல். இந்தக் கடைசி வேலையில்தான் பாதிப் பேர் வெறுத்துப்போய் வாட்ஸ்அப்புக்குத் திரும்புகிறார்கள். ஜீப்பில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் போனை வாங்கிச் சரிசெய்து கொடுத்தால்தான் தீரும்.

அதை நடத்த இடமும் ஆளும் இங்கே இருக்கிறார்கள். ஏலத்தோட்டக்காரர்கள் சங்கம் நிறுவிய சி.பி.ஏ. கல்லூரி ஊரில் இருக்கிறது. 2012இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஏலக்காய் ஏலம் இங்கும் மலைக்கு அப்பால் புற்றடியிலும் கணினித் திரையில் நடக்கிறது. அன்றைய விலை நிமிடத்துக்குள் நூறு வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. சின்ன விவசாயியின் வயிறு சார்ந்த சேதி அது. விழுப்புரத்து மாணவர்கள் தங்கள் ஊரிலேயே கட்டற்ற மென்பொருள் குழு நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 2012இலிருந்து கணியம் மின்னிதழ் தமிழில் கற்றுக்கொடுக்கிறது. சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் கேட்டால் வழிகாட்ட ஆள்கள் உண்டு. தமிழ்நாட்டுக் கட்டற்ற மென்பொருள் இயக்கம் நிறுவிக் காட்டுவதிலும் மொழிபெயர்ப்பதிலும் நிறையச் செய்தது. நிறுவியதைப் பத்தாண்டு நடத்துவதில் இன்னும் பின்தங்கியிருக்கிறோம் என்பது என் கணிப்பு. கல்லூரி முடித்ததும் பையன் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறான், சர்வரின் கடவுச்சொல்லும் அவனோடு போய்விடுகிறது. அதனால் பொறுப்பு ஒருவரிடம் இருக்கக் கூடாது. ஊரில் தங்கும் ஒருவரும் கல்லூரியில் படிக்கும் ஒருவருமாக இரண்டு பேர் வேண்டும், படிக்கிறவர் முடிப்பதற்குள் அடுத்தவரைப் பழக்கிவிட வேண்டும்.

போடியிலோ கம்பத்திலோ தேவாரத்திலோ இதைப் படிக்கும் மாணவர் நீங்களாக இருந்தால், சர்வரை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். திறந்த மூல அரட்டைச் செயலி ஒன்றை நிறுவி, ‘கௌரி’யை இரண்டு விதமாகவும் எழுதி உங்களுக்கே அனுப்பி, ஒன்றைத் தேடிப் பாருங்கள். மற்றது வரவில்லை என்றால் திரைப்பிடிப்பு எடுத்து, எந்தக் குறியீடுகள் என்று குறித்து, அந்தச் செயலியின் பிழைப் பட்டியலில் பதிந்துவிடுங்கள். பதில் வரும்வரை மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள்.